கஞ்சித் தொட்டி என்றால் கேவலமா?

வடசென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஒருவர் கிண்டல் செய்யும் வீடியோவை நேற்றிலிருந்து எல்லாரும் பகிர்கிறார்கள், நானும் பார்த்துவிட்டேன். "இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதானா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தாரே, அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

ஆமாம், கஞ்சித் தொட்டிதான். எங்கள் ராயபுரத்துக் கிழவிகள் வாயில் ஸ்டான்லி என்ற பேரே வராது. ஐதர் அலி சண்டையில் ஊரை விட்டுப் பஞ்சத்தோடு ஓடிவந்த ஜனங்களுக்கு 1782-ல் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் அது. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் ஏழைகளுக்கென்று ஆரம்பித்த வைத்தியசாலை அந்தச் சத்திரத்தோடு சேர்ந்து வளர்ந்து, 1938-ல் மருத்துவக் கல்லூரியே ஆனது. கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள், சரி. ஆனால் கஞ்சி வாங்க வரிசையில் நின்றவர்களுக்காக வந்த ஆஸ்பத்திரி அது. இதில் கேவலம் எங்கே இருக்கிறது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவின் வலது கை துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் கயிற்றில் மாட்டி நசுங்கியது. முதலில் தூக்கிக்கொண்டு போன தனியார் ஆஸ்பத்திரியில் கையில் சுற்றியிருந்த துண்டைக்கூடப் பிரிக்காமல் அட்வான்ஸ் கேட்டார்கள். அப்புறம் கஞ்சித் தொட்டிதான். டாக்டர் வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கேதான் இருக்கிறது, தெரியுமா? அப்பாவின் கையை அடிவயிற்றோடு சேர்த்துத் தைத்து மூன்று வாரம் அப்படியே வைத்திருந்தார்கள், வயிற்றுத் தோல் கையில் பிடிக்கும்வரை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவாள்.

"கூட்டத்தைப் போய்ப் பார்" என்பீர்கள். பார்த்திருக்கிறேன். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஜனமெல்லாம் அங்கேதான் வருகிறது, கூட்டம் இல்லாமல் எப்படி இருக்கும்? "எல்லாம் வெள்ளைக்காரன் கட்டியது" என்று இன்னொருவர் வருவார். கட்டட்டுமே! 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து மெட்டில்டா மெக்பெயில் என்ற பெண் டாக்டர் வந்து நம் பெண்களுக்கு வைத்தியம் பார்த்ததால்தான் இன்று ரெய்னி ஆஸ்பத்திரி நிற்கிறது. பிரசவம் என்றால் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு ஆஸ்பத்திரி, தொற்றுநோய் என்றால் தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி. இதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிப் புகையும் எங்களுக்கு, மாத்திரைக்கு வரிசையில் நின்றால் சிரிப்பு உங்களுக்கு. இன்னும் எத்தனை வருஷம் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது?

தயவுசெய்து அந்த வீடியோவை எங்கள் குடும்ப குரூப்பில் இனி யாரும் போடாதீர்கள். அப்பா பார்த்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. அந்தக் கையாலேயே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.