ஒரு டம்ளர் காபி பிள்ளையைக் கெடுக்காது

‘கர்ப்பிணி ஒரு முறை காபி குடித்தாலே பிறப்பது அடங்காப் பிள்ளையாகும்’ என்றொரு வாட்ஸ்அப் செய்தி காட்பாடி, குடியாத்தம் பக்கம் சுற்றுகிறது. இது உண்மையன்று.

காபியிலுள்ள ஊக்கப் பொருளான காஃபின் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைவது மெய்தான். ஆகவேதான் நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்வோர் அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பேறுகால வழிகாட்டுதல் கூறுகிறது, அதுவும் கருச்சிதைவையும் குழந்தையின் எடைக்குறைவையும் கருதியே. பிள்ளைகளின் நடத்தை குறித்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. காபியே காரணம் என்று நிறுவப்படவில்லை. டிகாக்‌ஷன் கெட்டியானால் காஃபினும் கூடும், தேநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

துள்ளித் திரியும் மகனைப் பார்த்து, ‘அன்று குடித்த காபிதானோ’ என்று கலங்கும் தாய்மார்களை இச்செய்தி வீணே வதைக்கிறது. தயவுசெய்து இதை மேலும் அனுப்பாதீர்கள். ஐயமிருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.