தண்ணீரை அளப்பவர் யார்?

என் கடல் சாகச நாவலைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: வில்லன் எங்கே? சுறா வரவில்லை, கொள்ளையர் வரவில்லை, புயல்கூட ஒரே ஒரு இரவுதான். ஒன்பது பேர் படகில் உட்கார்ந்து தண்ணீரை அளந்துகொண்டே இருக்கிறார்களே என்கிறார்கள். அந்த அளத்தல்தான் நாவல். அதன் பின்னால் இருக்கும் யோசனையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. ஒன்பது பேர், 27 லிட்டர் குடிநீர். இன்றைய சர்வதேச விதிப்படி கப்பலின் உயிர்காப்புப் படகில் ஆளுக்கு 3 லிட்டர் இருக்க வேண்டும். அதே அளவை எடுத்துக்கொண்டேன். கரை 600 கடல் மைல் தள்ளி. பாய் விரித்தால் சராசரியாக மணிக்கு 2 கடல் மைல், நாளொன்றுக்கு 48. ஆக, பன்னிரண்டரை நாள். கடலில் தத்தளிப்பவர்களுக்கான வழக்கமான அறிவுரை என்னவென்றால், முதல் 24 மணி நேரம் காயம்பட்டவர்களுக்கு மட்டும் தண்ணீர். அதன் பிறகு ஆளுக்குத் தினம் அரை லிட்டர். அப்படிக் கொடுத்தால் ஏழாம் நாள் மாலை பீப்பாய் காலி. கரை வருவதோ பதின்மூன்றாம் நாள்.

சரி, கால் லிட்டராகக் குறைத்தால்? ஒன்பது பேருக்கு நாளைக்கு இரண்டேகால் லிட்டர், 12 நாளுக்கு மிகச் சரியாக 27 லிட்டர். காகிதத்தில் எங்கும் இடிக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க வெயிலில் கால் லிட்டரோடு கிடப்பவருக்குக் கை ஓயும். துடுப்புப் போட முடியாது, படகுக்குள் ஏறும் நீரை இறைக்க முடியாது. வேகம் குறையும், நாள் கூடும், கணக்கு உடையும். அரை லிட்டர் கொடுத்தால் ஆட்கள் தெம்பாக இருப்பார்கள், ஆனால் மழை வந்தே ஆக வேண்டும். இரண்டுமே நியாயமான முடிவு. இரண்டிலும் ஒன்பது பேரும் சாகலாம். சாகசக் கதையில் எனக்கு வேண்டிய ஆபத்து இதுதான்: முட்டாள்தனம் செய்யாதவர்களையும் விடாத ஆபத்து. (கதையை 1930களில் வைத்ததற்கும் இதுவே காரணம். இன்றென்றால் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் கருவி இரண்டாம் அத்தியாயத்திலேயே அவர்களைக் காப்பாற்றிவிடும்.)

இனி, அளக்கும் கை. இதற்கு வரலாற்றில் இரண்டு படகுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தேன்.

1789 ஏப்ரல் 28 அன்று பசிபிக் கடலில் பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் மாலுமிகள் கலகம். கேப்டன் வில்லியம் பிளையையும் அவரோடு 18 பேரையும் 23 அடி நீளமுள்ள திறந்த படகில் இறக்கிவிட்டார்கள். 3,600 கடல் மைலுக்கு மேல் போய், ஜூன் 14 அன்று திமோர் தீவின் கூபாங்கில் கரையேறினார்கள். தோஃபுவா தீவில் ஒருவர் தாக்குதலில் இறந்தார். வழியில் பசிக்கும் தாகத்துக்கும் ஒருவரையும் இழக்கவில்லை. பிளை இரண்டு கொட்டாங்குச்சிகளைக் கட்டித் தராசு செய்தார். கைத்துப்பாக்கி ரவைதான் படிக்கல். ஒரு ரவை எடைக்கு ரொட்டி, அதாவது ஒரு வேளைக்குச் சுமார் 18 கிராம். கடற்பறவை ஒன்று கிடைத்தபோது அதைப் பதினெட்டுக் கூறாக வெட்டினார்கள். ஒருவர் முதுகைத் திருப்பி நிற்க, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு ‘இது யாருக்கு?’ என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். எலும்பு வந்தாலும் கால் வந்தாலும் யாரையும் குறை சொல்ல முடியாது. கப்பலில் அத்தனை வெறுப்பைச் சம்பாதித்த மனிதர் படகில் தன்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேரைக் கரை சேர்த்ததற்கு அவருடைய கடலறிவு பாதிக் காரணம். மீதியை அந்தக் கொட்டாங்குச்சிக்குக் கொடுப்பேன்.

1816 ஜூலையில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே தரைதட்டியது பிரெஞ்சுக் கப்பல் மெதூஸ். ஏறத்தாழ 147 பேரை ஒரு கட்டுமரத் தெப்பத்தில் ஏற்றி, படகுகளில் கட்டி இழுத்தார்கள். சிறிது நேரத்தில் இழுவைக் கயிறு கைவிடப்பட்டது. பிஸ்கட் முதல் நாளே தீர்ந்தது. மிஞ்சியவை மது பீப்பாய்களும் கொஞ்சம் தண்ணீரும்தான். இரண்டாம் இரவே வெட்டும் குத்தும். பதின்மூன்றாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 15 பேர். பொறுப்பில் இருந்தவர்களே கயிற்றை விட்டுவிட்ட தெப்பத்தில், எவர் எதை அளந்து கொடுத்தாலும் நம்புவதற்கு ஆள் இருந்திருக்காது என்பது என் கருத்து.

பிளையின் படகில் திசையும் அளவும் ஒரே கையில் இருந்தன. நாவலில் நான் அவற்றைப் பிரித்தேன். திசை கப்பல் அதிகாரியிடம், குவளை சமையல்காரரிடம். எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுப்பவர் ஊற்றக் கூடாது. ஊற்றுபவர் முடிவெடுக்கக் கூடாது. ஊற்றுபவர் கடைசியில்தான் குடிப்பார்.

இவ்வளவு செய்தும் சண்டை வருகிறது. காரணம் குவளை. 8 சென்டிமீட்டர் வாயுள்ள குவளையில் ஊற்றும்போது படகு 10 பாகை சாய்ந்தால், ஓரத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ தெரியும். அந்த ஓரத்துக் கோட்டைப் பார்த்து அளந்தால் 35 மில்லி பிசகும். கால் லிட்டரை மூன்று வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 83 மில்லிதான். அதில் 35 போனால்? இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒரு மட்டம் தெரியும், வலப்பக்கத்தவருக்கு வேறொன்று. யாரும் திருடவில்லை, ஆனாலும் படகில் எல்லோருமே கண்ணால் கண்ட சாட்சி. ஐந்தாம் நாள் சமையல்காரர் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள தகரக் குழாய் ஒன்றின் அடியை அடைத்து, உள்ளே ஆணியால் கோடு கீறுகிறார். அதே சாய்வில் அதில் பிசகுவது 2 மில்லிதான். நாவலின் உச்சக்கட்டம் எது என்று கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

கடல் கதை எழுத நினைப்பவர்களுக்காகச் சில விஷயங்கள். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீருக்கு 1 மீட்டர் மேலே என்றால் தொடுவானம் மூன்றரை கிலோமீட்டர்தான். 400 மீட்டர் மலை மட்டும் தெளிந்த வானில் 75 கிலோமீட்டர் தள்ளியே தலைகாட்டலாம். தட்டையான பவளத்தீவை ‘வெகு தொலைவில்’ பார்க்கவே முடியாது. கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரை உடல் இழக்கும். பிடித்த மீனும் இலவசமில்லை, புரதத்தைச் செரித்துக் கழிக்கவும் தண்ணீர் வேண்டும். குடிநீர் இல்லாத நாளில் மீனைத் தின்னாமல் விடுவதுதான் புத்தி. பசித்தவர்கள் கண்ணெதிரே மீனை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலையை அதிகாரிக்குக் கொடுத்தேன்.

மழையையும் கதைகளில் வரமாகவே எழுதுகிறோம். பிளையின் ஆட்கள் மழையில் விறைத்துப்போய், உடுப்பைக் கடல்நீரில் நனைத்துப் பிழிந்து உடுத்தினார்கள். மழையைவிடக் கடல் வெதுவெதுப்பு. பிடிப்பதும் லேசில்லை. 1 மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 2 மீட்டருக்கு 2 மீட்டர் கித்தானில் 5 மில்லிமீட்டர் பெய்தால் 20 லிட்டர். ஆனால் கித்தான் முழுக்க உப்புப் பொரிந்திருக்கும். முதலில் விழுவதைக் கொண்டு துணியை அலசிக் கொட்டிவிட வேண்டும். ஒன்பது வறண்ட வாய்களுக்கு முன்னால் முதல் இரண்டு லிட்டரைக் கடலில் கொட்டச் சொல்கிறார் சமையல்காரர். கைகலப்பு வரைக்கும் போகிறது.

அதற்கடுத்த அத்தியாயத்தை நீக்கியிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பீப்பாய் நிறைந்திருக்கிறது, அளக்கத் தேவையில்லை, சமையல்காரர் பெரிய குவளையை நீட்டுகிறார். ஒருவரும் வாங்கவில்லை. குழாயை எடுங்கள் என்கிறார்கள்.