மீட்டரில் காந்தம் ஒட்டினால் கரண்டு பில் குறையாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து வாட்சப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இரும்பில் காந்தம் வைத்தால் மீக்கடத்தி ஆகிவிடும். 2008-லேயே ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்கள். மீட்டரில் ஒட்டுங்கள், பில் பாதியாகும்." இது தவறு. (மீக்கடத்தி என்றால் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்.)

2008-உம் ஜப்பானும் மட்டும் சரி. தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிடியோ ஹொசோனோ குழு கண்டறிந்தது வெறும் இரும்பை அல்ல. லாந்தனம், இரும்பு, ஆர்சனிக், ஆக்சிஜனோடு சிறிது ஃப்ளோரின் சேர்ந்த படிகம். அது தடையில்லாமல் மின்சாரம் கடத்தத் தொடங்கியதே மைனஸ் 247 டிகிரி செல்சியஸில்! அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் அந்தக் கட்டுரை இருக்கிறது, பார்க்கலாம்.

இவ்வகைப் படிகங்கள் சிலவற்றில் காந்தமும் மீக்கடத்தலும் சேர்ந்தே இருப்பது உண்மை, அழகான விஷயமும்கூட. ஆனால் அது ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் இல்லை. இரும்பு அணுக்களின் காந்தம் வரிசைக்கு வரிசை எதிரெதிராகத் திரும்பி ஒன்றையொன்று சமன் செய்துவிடும், ஆணியைக்கூட இழுக்காது. கோபால்ட் போன்றதைக் கலந்து அந்த ஒழுங்கைத் தளர்த்தினால் மீக்கடத்தல் தலைகாட்டும். வெளியிலிருந்து வலுவான காந்தப்புலம் வந்தால் மீக்கடத்தல் குலையும்.

எங்கள் அத்தை பழைய ஸ்பீக்கர் காந்தம் இரண்டை மீட்டரில் டேப் போட்டு ஒட்டியிருந்தார். எண் எப்போதும்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது; கழற்றிவிட்டேன். 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டப்படி மீட்டரில் கை வைப்பது குற்றம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.