"ஸ்டீயரிங் மாத்தலாங்களாண்ணா?"

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் இன்பாக்ஸில் கேட்டிருந்தார், கார் ரேஸ் கேம் விளையாடுகிற ஸ்டீயரிங்கைப் பற்றி. "அண்ணா, ஜி29 வெச்சிருக்கேன், 5 வருஷம் ஆச்சு. டைரக்ட் டிரைவுக்கு மாத்தலாங்களா? 60 ஆயிரம் சேத்து வெச்சிருக்கேன்." பதிலை இரண்டு வரியில் தட்டினேன், அனுப்பாமல் அழித்துவிட்டேன். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். 60 ஆயிரம் சேர்க்க எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இரண்டு வரியில் செலவழிக்கச் சொல்லவும் மனசு வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. இதே கேள்வி ஒரு வருஷமாக என் மண்டையையும் குடைந்துகொண்டிருந்தது. அதனால் இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பதும் அதே லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்தான், இதை வீல் என்போம். 2020 ஊரடங்கில் வாங்கியது. பையன் தூங்கிய பிறகு இரவில் முக்கால் மணி நேரம், அசெட்டோ கோர்ஸா என்கிற ரேஸ் கேமில் பெரும்பாலும் இத்தாலியின் மோன்ஸா டிராக்கில், ஒரு ஜிடி3 ரக ரேஸ் காரில் சுற்றுவேன். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பது இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குப் புரியும். பகலில் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததெல்லாம் மூன்றாவது லேப்பில் அடங்கிவிடும்.

ஜி29 பல்சக்கர வகை. உள்ளே இரண்டு சின்ன மோட்டார்கள் பல்சக்கரங்கள் வழியாகத் தண்டைத் திருப்புகின்றன. கைக்கு வரும் திருப்பு விசை 2 நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டும். அடுத்த படி பெல்ட் வகை. திரஸ்ட்மாஸ்டர் டி300 அந்த ரகம், கிட்டத்தட்ட 4 வரும். டைரக்ட் டிரைவ் என்றால் நடுவில் பல்சக்கரமும் இல்லை, பெல்ட்டும் இல்லை, மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங்கைப் பூட்டியிருப்பார்கள். 2021ல் ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி வந்தபோதுதான் அது நம் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கிற விலைக்கு இறங்கியது. அதில் 5 நியூட்டன் மீட்டர், பெரிய பவர் சப்ளை வாங்கினால் 8. பிறகு மோசா ஆர்5 5.5ல் வந்தது. அதற்குப் பிறகு யூடியூப்பைத் திறந்தால் எல்லோரும் "பழசைத் தூக்கிப் போடு" என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, என் வீலைப் பார்த்தாலே ஒரு குறை தெரிய ஆரம்பித்துவிட்டது. வாங்கின நாளில் இல்லாத குறை.

கோவை பீளமேட்டில் ஒரு நண்பர் இருக்கிறார். பம்ப் கம்பெனியில் மோட்டார் டிசைன் வேலை. அவரிடம் சிஎஸ்எல் டிடி 8 நியூட்டன் மீட்டரில், மிதிக்கிற அழுத்தத்தை அளக்கிற திரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம் லோட் செல் பெடல், சீட், வீல், பெடல் எல்லாவற்றையும் பூட்டுகிற அலுமினியச் சட்டமான ரிக் எல்லாம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார், போய் உட்கார்ந்தேன்.

முதல் லேப்பிலேயே சொக்கிப்போய்விட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. மோன்ஸாவின் கடைசித் திருப்பம் பாரபோலிகா. 2021ல் இத்தாலிய ரேஸ் வீரர் மிக்கேலே அல்போரெட்டோ பெயரை வைத்தார்கள், ஆனாலும் எல்லோர் வாயிலும் இன்னும் பாரபோலிகாதான். நீளமான வலது பக்கத் திருப்பம். நுழைந்ததும் ஸ்டீயரிங் கனத்து, முன் டயர் பிடி தளரத் தளர அந்தக் கனம் மெல்ல இறங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. கிணற்றில் வாளி தண்ணீரை விட்டு மேலே வரும்போது கயிறு சட்டென்று கனக்குமே, அதைத் தலைகீழாக்கினால் எப்படியோ அப்படி. பின்பக்கம் நழுவப் போவதும் கண்ணுக்குத் தெரியும் முன்னே கைக்கு வந்துவிட்டது. டிராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறினால் பல்சக்கர வீலில் வருகிற கடகடச் சத்தம் இல்லை, மொத்தமான ஒரு அதிர்வு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து என் வீலில் அதே திருப்பத்தை எடுத்தேன். ஒன்றுமே வரவில்லை, ஒரே கனம், அவ்வளவுதான். அன்று இரவே ஆர்டர் போட்டிருப்பேன். நண்பர் போனில் ஒரு கேள்வி கேட்டார்: "கெயின் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" வீலுக்குப் போகிற விசையின் அளவுதான் கெயின். நான் வைத்திருந்தது 100. "குறைங்க."

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜி29 வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இதை அறியாமலே வீலை விற்கிறார்கள். சின்ன மோட்டாருக்கு ஒரு உச்சம் உண்டு. நீளமான திருப்பத்தில் டயரின் கனத்துக்கே அந்த உச்சம் முழுவதும் செலவாகிவிட்டால், அதற்கு மேல் வருகிற நெளிவு, கெர்ப், நழுவல் எதற்கும் இடம் இருக்காது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். சின்ன ஸ்பீக்கரில் ஒலியை முழுசாக வைத்தால் பாட்டு கரகரத்துப் போவது போலத்தான். அசெட்டோ கோர்ஸாவில் திரையில் பெடல் பட்டைகளுக்குப் பக்கத்திலேயே ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும், அதாவது வீல் கைக்குத் தருகிற விசைக்கும், ஒரு பட்டை இருக்கிறது. அது சிவப்பானால் கிளிப் ஆகிறது என்று அர்த்தம். என்னுடையது பாரபோலிகா முழுக்கச் சிவப்பாக நின்றது. கெயினை 65க்கு இறக்கினேன். ஸ்டீயரிங் லேசானது, ஆனால் டயர் பேச ஆரம்பித்தது. நண்பர் வீட்டில் கிடைத்த அளவுக்கு இல்லை. இருந்தாலும் 5 வருஷமாக அந்த வீலுக்குள் இருந்த ஒன்றை நானே அடைத்து வைத்திருந்திருக்கிறேன்.

சரி, அடுத்த ஞாயிறு என் வீல், பெடல் இரண்டையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனேன். அவருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. பிசியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று யூஎஸ்பி கருவிகளைச் சேர்த்து ஓட்டலாம் என்பதால் மாற்றி மாற்றிப் பூட்டினோம். என் வீல் என் பெடல், அவர் வீல் என் பெடல், என் வீல் அவர் பெடல், கடைசியாக எல்லாமே அவருடையது. எல்லாம் அதே ரிக்கில், அதே காரில், ஒவ்வொன்றுக்கும் 15 லேப். ஒரே ஞாயிற்றில் முடியவில்லை, இரண்டு ஞாயிறு ஆனது.

வீட்டில் என்னுடைய சிறந்த நேரம் 1 நிமிடம் 51 செகண்ட். அதே வீல், அதே பெடலை அவர் ரிக்கில் போல்ட் போட்டதும் 50.6. எதையும் வாங்காமல், ஆடாத இடத்தில் உட்கார்ந்ததற்கே அவ்வளவு. அவர் வீலுக்கு மாறினேன், 50.4. என் பழைய வீலையே மாட்டி, பெடலை மட்டும் அவருடையதாக்கியபோது முதல் 5 லேப் படுமோசம், கால் எங்கே நிற்கிறது என்றே பிடிபடவில்லை. ஆறாவது லேப்பிலிருந்து மாறியது. 49.7. எல்லாமே அவருடையதாக ஓட்டியபோது 49.5. நான் ஒருத்தன் ஓட்டிப் பார்த்த கணக்கு இது. ஆனால் என்னை யோசிக்க வைத்தது அந்தச் சிறந்த நேரங்கள் அல்ல. லோட் செல்லில் கடைசி 10 லேப்பும் அரை செகண்டுக்குள் அடங்கியிருந்தன. என் பெடலில் இரண்டு செகண்ட் வரை சிதறிக் கிடந்தன.

ஓட்டியதைப் பதிவு செய்து காட்டுகிற டெலிமெட்ரியில் பிரேக் கோட்டைப் பார்த்தோம். மோன்ஸாவின் நேர்சாலை முடிவில் முதல் ஷிகேன், எஸ் மாதிரி நெளிகிற குறுகலான திருப்பம். 250க்கு மேல் வருகிற காரை அங்கே இரண்டாம் கியருக்கு அடக்க வேண்டும். என் பெடலில் அதே இடத்தில் ஒரு லேப் 70 சதவீதம், அடுத்த லேப் 95, அதற்கடுத்தது 80. நான் ஒரே மாதிரி மிதிப்பதாகத்தான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் எளிமையானது. ஜி29 பெடலில் இருப்பது பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கும் சென்சார். லோட் செல் அளப்பது எவ்வளவு அழுத்தினோம் என்பதை. மளிகைக் கடையில் பருப்பு நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசுக்கு உள்ளே இருப்பதும் லோட் செல்தான். ஒரு உலோகத் துண்டு, அதன் மேல் ஒட்டிய மெல்லிய கம்பி இழை. எடை ஏறினால் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், கம்பியின் மின்தடை மாறும், அதை எண்ணாக்கிக் காட்டும். டி-எல்சிஎம்மில் இருக்கிற செல் 100 கிலோ வரை தாங்கும். நம் காலுக்கு 4 சென்டிமீட்டருக்கும் 5 சென்டிமீட்டருக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். 30 கிலோ அழுத்தத்துக்கும் 40 கிலோ அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் தொடைக்கு நன்றாகவே தெரியும், ஞாபகமும் இருக்கும். திருப்பத்துக்குள் நுழைந்துகொண்டே பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற டிரெயில் பிரேக்கிங், அந்த ஞாபகம் இல்லாமல் கைவராது.

ரொம்ப நாள் முன்னால், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஒரு ரேஸ் டீமில் மெக்கானிக்காக இருந்த அண்ணன் ஒருவர், நின்றுகொண்டிருந்த ஒற்றை இருக்கை ரேஸ் காரில் என்னை உட்கார வைத்தார். ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் ஊர்க்காரன் என்கிற பெருமையோடு ஸ்டீயரிங்கைத்தான் முதலில் பிடித்தேன். அவர் சொன்னார், "அதை விடுங்க தம்பி, பிரேக்க மிதிங்க." மிதித்தேன். இறங்கவே இல்லை. கல்லை மிதித்தது மாதிரி இருந்தது. "இன்னும்" என்றார். இடுப்பு சீட்டில் பதிய மிதித்த பிறகுதான் சரி என்று தலையாட்டினார். பீளமேட்டில் லோட் செல்லை மிதித்தபோது அந்த மதியம் அப்படியே திரும்பி வந்தது.

அதனால் அந்தத் தம்பிக்கு என் பதில்: வேகமாக ஓட்ட வேண்டும் என்று மாற்றுவதானால் வீலைத் தொடாதீர்கள். முதலில் உட்காரும் இடம், அடுத்து பிரேக், வீல் அதற்குப் பிறகு. வரிசையை மாற்றினால் பணம் வீண். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து லோட் செல்லை மிதித்தால் நீங்கள்தான் பின்னால் போவீர்கள். அதனால் பெடல் வாங்குமுன் ரிக். அதற்கு ஆயிரக்கணக்கில் கொட்டி அலுமினியம் வாங்க வேண்டும் என்றில்லை. நான் கணபதியில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஸ்கொயர் பைப்பில் செய்து வாங்கினேன். உக்கடத்தில் பழைய மாருதி 800 சீட் ஒன்று கிடைத்தது. பெடல் தட்டுக்கு மட்டும் கனமான இரும்பு போடச் சொல்லுங்கள். முதலில் மெல்லிய தகட்டில் போட்டு, மிதிக்கும்போது அது நெளிந்ததால் மறுபடியும் போய் மாற்றினேன்.

பிளேஸ்டேஷனில் விளையாடுபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிசியில் போல வேறு கம்பெனிப் பெடலை யூஎஸ்பியில் நேராகச் செருகினால் வேலை செய்யாது. பெடல், வீலின் மோட்டார் பெட்டியான வீல் பேஸ் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அவர்களுக்கு எந்த வீல் என்பதும் எந்தப் பெடல் என்பதும் ஒரே முடிவு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் சுங்க வரியையும் வாரண்டியையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஈரோட்டில் ஒரு நண்பரின் வீல் பேஸ் பழுதாகி, விற்றவர் கையை விரித்துவிட்டார். திருப்பி அனுப்பும் செலவைக் கேட்டுவிட்டு நண்பர் அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார். பெரிய பெயர் என்றால் கவலையில்லை என்றும் இருக்க முடியாது. ஃபனாடெக்கின் தாய் நிறுவனமான எண்டோரே 2024ல் திவால் நடைமுறைக்குப் போய், பிறகு ஃபனாடெக்கைக் கோர்சேர் வாங்கியது.

அப்புறம், இந்தப் பேச்சை எடுத்தாலே சிலர் "அப்ப டைரக்ட் டிரைவ் எல்லாம் வெட்டிச் செலவு" என்று கிளம்பிவிடுகிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பாரபோலிகாவில் என் உள்ளங்கைக்கு வந்தது நிஜம். லேப் நேரத்தில் அது 0.2 செகண்ட்தான், ஆனால் அந்த 15 லேப்பும் நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். ஒருவர் அந்தச் சுகத்துக்காகவே வாங்கினால் அதில் என்ன தப்பு? ஒரு நல்ல வீணையோ நல்ல கேமராவோ வாங்குகிறவரிடம் "இதனால் எத்தனை செகண்ட் மிச்சம்?" என்று யாரும் கேட்பதில்லை. சத்தமும் ஒரு நியாயமான காரணம்தான். அடுத்த அறையில் கைக்குழந்தை தூங்குகிற வீட்டில், பல்சக்கரத்தின் கடகடப்பு இல்லாத வீல் என்பது ஆடம்பரம் அல்ல, ராத்திரி ஓட்ட முடியுமா முடியாதா என்பதே அதில்தான் இருக்கிறது. எனக்குச் சங்கடமெல்லாம், நேரம் குறையும் என்று நம்பி ஒரு வருஷச் சேமிப்பைப் போட்டுவிட்டு, அதே 1:51ல் நின்று மனசு உடைந்து, எல்லாவற்றையும் ஓஎல்எக்ஸில் போடுகிற பசங்களை நினைத்துத்தான். இரண்டு பேரை அப்படிப் பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் நன்றாக ஓட்டக்கூடியவர்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். லோட் செல் பெடல் வாங்கியாயிற்று, போன மாதம் வந்தது. வீல் அதே ஜி29, கெயின் 65. டைரக்ட் டிரைவ் அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். அதுவும் ஆசைக்குத்தான், நேரத்துக்கு அல்ல என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். வீட்டு ரிக்கில் நேற்று ராத்திரி 49.9 வந்தது.

தம்பி, திருப்பூரிலிருந்து சிங்காநல்லூர் ஒரு மணி நேரம்தான். வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் வீட்டுக்கு வாங்க. என் வீலில் இரண்டு பெடலையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்க, சாயங்காலம் பீளமேட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவரிடம் சொல்லிவிட்டேன். அதுவரை 60 ஆயிரம் பேங்கிலேயே இருக்கட்டும். வரும்போது அடி மெல்லிசான ஷூ போட்டுட்டு வாங்க, கனமான அடிப்பாகம் இருந்தால் பிரேக் காலுக்குத் தெரியாது.