மருந்து அடிக்கும் முன் பால் குடிப்பது பற்றி

பூச்சிமருந்து அடிக்கும் முன் ஒரு டம்ளர் பால் குடித்தால் விஷம் ஏறாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது சரியில்லை.

மருந்து அடிப்பவர் உடம்புக்குள் விஷம் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது. வயிற்றில் இருக்கும் பால் அதை எப்படித் தடுக்கும்? மருந்தைக் கலக்கும்போது கையில் படும் கரைசல்தான் மிக ஆபத்தானது, தண்ணீர் சேர்க்காத வீரியம் அதில் இருக்கிறது. அடுத்தது முதுகில் ஒழுகும் டேங்க், நனைந்த கால்சட்டை. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, பூட்ஸ், முடிந்தவுடன் சோப்புக் குளியல் இவைதான் காக்கும். துணிக் கையுறை வேண்டாம், மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்துவிடும்.

நீங்களே சோதிக்கலாம். நன்றாகக் கழுவிய டேங்கில் தண்ணீரோடு உணவுச் சாயம் கலந்து, பழைய வெள்ளை உடையில் வழக்கம்போல் அடித்துப் பாருங்கள். கறை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மருந்து படும். மருந்துப் பாட்டில் லேபிளில் பாதுகாப்பு, முதலுதவிப் பகுதிகளையும் படியுங்கள்.

அடித்த பிறகு எச்சில் ஊறுதல், அதிக வியர்வை, கண்மணி சுருங்குதல், தசை துடித்தல் தெரிந்தால் பாலுக்காக நேரம் கடத்தாமல், நனைந்த உடையைக் களைந்து உடம்பைக் கழுவி, லேபிளோடு மருத்துவமனைக்குப் போங்கள்.