சர், சார், அப்புறம் ஒரு எம்பிஇ

ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்துவிடும். "இந்திய வம்சாவளி மருத்துவருக்கு பிரிட்டனின் மிக உயரிய விருது!" பெரியப்பா இரண்டு கைகூப்பும் பொம்மையோடு போடுவார். கீழே வரிசையாகப் பத்துப் பதினைந்து பேர் "பெருமை" என்று எழுதுவார்கள். இந்த வருடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "பெரியப்பா, அது ஓபிஇ. ஐந்து படியில் மேலிருந்து நாலாவது" என்று போட்டுவிட்டேன். குழுவில் அரை நாள் அமைதி. சாயங்காலம் அவரே போன் பண்ணி, "அப்போ சர் பட்டம் இல்லையாடா?" என்றார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

வருடத்துக்கு இரண்டு பட்டியல். புத்தாண்டுக்கு ஒன்று, ஜூன் மாதம் அரசரின் அதிகாரபூர்வப் பிறந்தநாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். அதில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது 'ஆர்டர் ஆஃப் த பிரிட்டிஷ் எம்பயர்' என்ற அமைப்பின் ஏதாவது ஒரு படி. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ல் ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கியது. மேலிருந்து ஜிபிஇ, கேபிஇ (பெண்களுக்கு டிபிஇ), சிபிஇ, ஓபிஇ, எம்பிஇ. முதல் இரண்டு படிக்குத்தான் சர் பட்டம், பெண்களுக்கு டேம் எல்லாம். மற்ற மூன்றுக்கும் பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்து போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். பணம் ஒரு பைசா கிடையாது. ஒரு சலுகை உண்டு: லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் நிலவறையில் இந்த அமைப்புக்கென்று ஒரு சிற்றாலயம் இருக்கிறது, அங்கே கல்யாணம் செய்துகொள்ளலாம். மண்டப வாடகை கேட்டு நொந்துபோன நமக்கு அதுவே பெரிய விஷயம்தான்.

இந்த ஐந்து படிக்கு வெளியேயும் சர் உண்டு. சொல்லப்போனால் பெரும்பாலான சர்கள் எந்த அமைப்பிலும் சேராத 'நைட் பேச்சிலர்' வகை. கல்யாணமாகாதவர் என்று அர்த்தமில்லை. இன்னும் மேலே போனால் 1348-ல் மூன்றாம் எட்வர்ட் தொடங்கிய 'ஆர்டர் ஆஃப் த கார்ட்டர்' என்ற அமைப்பு இருக்கிறது. அரச குடும்பத்தைத் தவிர்த்து 24 பேருக்குத்தான் இடம், ஒருவர் போனால்தான் அடுத்தவர். 'ஆர்டர் ஆஃப் மெரிட்' என்று ஒன்று, அதற்கும் 24 பேர்தான். அதில் சர்ரும் கிடையாது ஒன்றும் கிடையாது, ஆனால் விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் பெரிதாக நினைப்பார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2012-ல் சர் வந்தது, 2022-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் வந்தது. மனிதர் பொதுவாக சர் என்று போட்டுக்கொள்வதில்லை. நோபல் வாங்கியவருக்கு அது எதற்கு என்று பெரியப்பாவும் ஒப்புக்கொண்டார்.

நம் ஊரில் வங்கி மேலாளரிலிருந்து முகவரி கேட்கும் வழிப்போக்கர் வரை எல்லோரும் சார்தான். அங்கே அதே சொல்லுக்கு அரச குடும்பத்தில் ஒருவர் வாளை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சின்ன முக்காலி மாதிரி ஒன்றில் வலது முட்டியை ஊன்ற வேண்டும், வாள் இரண்டு தோளையும் தொடும். "எழுந்திரு, சர் இன்னார்" என்று சினிமாவில் சொல்வார்களே, அதெல்லாம் நிஜத்தில் சொல்வதில்லை. பெண்களுக்கு வாளும் இல்லை. சர்ரின் மனைவி 'லேடி' ஆகிவிடுவார், டேமின் கணவருக்கு எதுவும் கிடையாது. (எப்போதாவது ஆண்களுக்கும் ஒரு அநியாயம் நடக்கட்டும்.)

சர் என்பது முதற்பெயரோடுதான் ஒட்ட வேண்டும், குடும்பப்பெயரோடு ஒட்டக்கூடாது என்பது அவர்கள் விதி. இந்த விதியை வைத்துக்கொண்டு 1929-ல் சி.வி. ராமனுக்குப் பட்டம் கொடுத்தார்கள். நம்மவர்கள் பெயரில் முன்னால் நிற்பது அப்பா அல்லவா? விதிப்படி கூப்பிட்டால் 'சர் சந்திரசேகர'. பட்டம் மகனுக்கு, மரியாதை அப்பாவுக்கு!

அரசரைத் தலைவராகக் கொள்ளாத நாடுகளின் குடிமக்களுக்குக் கொடுப்பது கௌரவப் பட்டம் மட்டும். ரத்தன் டாட்டாவுக்கு 2014-ல் மேல்படியான ஜிபிஇ-யே கிடைத்தது, ஆனாலும் அவர் சர் ரத்தன் ஆகவில்லை. பில் கேட்ஸ் கதையும் அதேதான்.

சரி, யார் தீர்மானிக்கிறார்கள்? அரசர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கார்ட்டர், மெரிட், தன் குடும்பத்துக்குச் சேவை செய்தவர்களுக்கான விக்டோரியன் ஆர்டர் மாதிரி சிலவற்றைத்தான் அவர் தன் விருப்பப்படி கொடுக்க முடியும். மீதியெல்லாம் அமைச்சரவை அலுவலகத்தின் வேலை. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைத்துப் படிவம் அனுப்பலாம். கலை, விளையாட்டு, மருத்துவம், அறிவியல் என்று துறைவாரியாகக் குழுக்கள் அதை அலசும். ஒழுங்காக வரி கட்டியிருக்கிறாரா என்று வரித்துறையிடமும் கேட்பார்கள். அப்புறம் தலைமைக் குழு, பிரதமர், கடைசியில் அரசர். பெயர் வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பு, "கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?" என்று ரகசியமாக ஒரு கடிதம் வரும். மாட்டேன் என்றால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும், வெளியே தெரியாது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு உறுத்துவது பந்திதான். ஊர்க் கல்யாணத்தில் யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தாலே குடும்பத்தின் மொத்த அரசியலும் தெரிந்துவிடும். இந்தப் பட்டியலும் அப்படித்தான். பள்ளிக்கூட வாசலில் முப்பது வருடம் குழந்தைகளைச் சாலை கடக்க வைத்தவருக்கு பிஇஎம் என்ற பதக்கம். நல்ல ஆசிரியருக்கு எம்பிஇ. பெரிய அமைப்பின் தலைவருக்கு சிபிஇ. அமைச்சகத்தின் உச்ச அதிகாரிக்கு சர். விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் இதுதான் வாடிக்கை. ஒருவர் என்ன செய்தார் என்பதைவிட எந்த நாற்காலியில் இருந்து செய்தார் என்பதுதான் படியைத் தீர்மானிக்கிறது. பிஇஎம்-ஐ 1993-ல் ஜான் மேஜர் நிறுத்தினார், 2012-ல் டேவிட் கேமரூன் திரும்பக் கொண்டுவந்தார். அதை வாங்குபவருக்கு மற்றவர்கள் போல அரண்மனைக்குள் விழா இல்லை. அவர்கள் மாவட்டத்தில் இருக்கும் அரசரின் பிரதிநிதி பதக்கத்தைச் சட்டையில் குத்திவிடுவார், அப்புறம் தோட்ட விருந்துக்கு ஒரு அழைப்பு வரும். தனிப் பந்தி!

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரே கதையில் பார்க்க வேண்டுமென்றால் தபால் நிலையக் கதையைப் பார்க்கலாம். பிரிட்டனில் மூலைக்கடை மாதிரி நடக்கும் கிளைத் தபால் நிலையங்களுக்கு ஹொரைசன் என்று ஒரு கணக்கு மென்பொருள் கொடுத்தார்கள். அது தப்புத் தப்பாகக் கணக்குக் காட்டியது. பெட்டியில் பணம் குறைகிறது, நீதான் திருடினாய் என்று கிளை நடத்தியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். 1999-லிருந்து 2015 வரை 900-க்கு மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றார்கள். சீமா மிஸ்ரா என்ற பெண் கர்ப்பமாக இருக்கும்போதே சிறைக்குப் போனார். அந்தத் தபால் நிலைய நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக 2012 முதல் 2019 வரை இருந்தவர் பவுலா வெனல்ஸ். 2019 புத்தாண்டுப் பட்டியலில் அவருக்கு சிபிஇ கொடுத்தார்கள். எதற்கு? தபால் துறைக்கும் அறப்பணிக்கும் ஆற்றிய சேவைக்காக. அதே 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் கோளாறு இருந்தது என்று தீர்ப்புச் சொன்னது.

இன்னொரு பக்கம் வேல்ஸில் லாண்டட்னோ என்ற கடற்கரை ஊரில் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ். கணக்கை ஒப்புக்கொள்ள மறுத்தவரின் ஒப்பந்தத்தை 2003-ல் ரத்து செய்தார்கள். மனிதர் விடவில்லை. பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்து இருபது வருடம் போராடினார். அவருக்கும் ஒரு ஓபிஇ தர முன்வந்தார்கள். அதாவது வெனல்ஸுக்குக் கொடுத்ததைவிட ஒரு படி கீழே! அந்த அம்மாவிடம் சிபிஇ இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2024 ஜனவரியில் இந்தக் கதை தொலைக்காட்சித் தொடராக வந்து நாடே கொதித்தது. வெனல்ஸின் பட்டத்தைப் பறிக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். பிப்ரவரியில் வெனல்ஸின் சிபிஇ பறிக்கப்பட்டது, ஜூனில் பேட்ஸ் சர் ஆலன் ஆனார். 2025 புத்தாண்டில் சீமா மிஸ்ராவுக்கு ஓபிஇ வந்தது. ஆக, மேலே இருந்தவருக்குப் பட்டம் பதவியோடு சேர்ந்து தானாக வந்தது, கீழே இருந்தவர்களுக்கு அது வர ஒரு தொலைக்காட்சித் தொடர் தேவைப்பட்டது. இத்தனை குழுக்களும் உட்கார்ந்து என்னத்தை அலசினார்கள்?

பறிப்பதற்கென்றும் ஒரு குழு இருக்கிறது. ஃபிரெட் குட்வின் என்ற வங்கித் தலைவருக்கு 2004-ல் வங்கித் துறைக்கு ஆற்றிய சேவைக்காக சர் கொடுத்தார்கள். 2008-ல் அந்த வங்கி கவிழ்ந்து, அரசு 4,500 கோடி பவுண்டு கொட்டிக் காப்பாற்றியது. பட்டம் போனது 2012-ல். தொலைக்காட்சிப் பிரபலம் ஜிம்மி சாவில் 2011-ல் செத்தபிறகுதான் அவர் குழந்தைகளுக்குச் செய்த கொடுமைகள் எல்லாம் வெளியே வந்தன. பறிக்க முடியவில்லை. ஆள் செத்தால் பட்டமும் கூடவே செத்துவிடுகிறதாம், இல்லாததை எப்படிப் பறிப்பது என்றார்கள்.

பணத்துக்குப் பட்டம் என்பதை ஏதோ இந்தக் காலத்துச் சீரழிவு என்று நினைக்க வேண்டாம். 1611-ல் முதலாம் ஜேம்ஸ் 'பாரனெட்' என்று பரம்பரைப் பட்டம் ஒன்றை உண்டாக்கியதே விற்பதற்குத்தான். விலை 1,095 பவுண்டு. அதென்ன கணக்கு என்று யோசித்தேன். அயர்லாந்தில் 30 படைவீரர்களுக்கு மூன்று வருடச் சம்பளம். ஆளுக்கு நாளைக்கு எட்டு பென்ஸ், முப்பது பேருக்கு 240 பென்ஸ், அந்தக் காலத்தில் அது சரியாக ஒரு பவுண்டு. மூன்று வருடத்துக்கு 1,095 நாள். நம் மளிகைக்கடை அண்ணாச்சி கணக்குத் தோற்றுவிடும்! லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்தபோது மாண்டி கிரிகரி என்ற தரகர் லண்டனில் ஆபீஸ் போட்டே வியாபாரம் பார்த்தார். சர் பத்தாயிரம் பவுண்டு, பிரபுப் பட்டம் ஐம்பதாயிரத்துக்கு மேல். 1922-ல் அது நாறிப்போய், 1925-ல் தடைச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்ற ஒரே ஆள் அதே கிரிகரிதான், 1933-ல். இரண்டு மாதச் சிறை, ஐம்பது பவுண்டு அபராதம். அதற்குப் பிறகு கட்சி நிதி கொடுத்தவர்கள் பிரபுக்கள் சபைக்குப் போவது நிற்கவில்லை, 2006-ல் தொடங்கிய விசாரணையில் பதவியில் இருந்த டோனி பிளேரையே போலீஸ் கேள்வி கேட்டது, ஆனால் யார் மேலும் வழக்குப் பதிவாகவில்லை. பதவி விலகும் பிரதமர் தன் ஆட்களுக்கு என்று தனிப்பட்டியல் போட்டுக்கொள்ளலாம் என்று வேறு ஒரு மரபு. 49 நாள் ஆண்ட லிஸ் ட்ரஸ் 11 பேருக்கு வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார்.

என் அபிப்பிராயம் இதுதான். மேல்படியில் நடக்கும் இந்தக் கூத்துக்கு வெள்ளையடிப்பது கீழ்ப்படியில் இருக்கும் நல்லவர்கள். செவிலியரும், உணவு வங்கி நடத்தும் பாட்டியும் பட்டியலில் இருப்பதால்தான் கட்சிக்காரரும் அதே பட்டியலில் கூச்சமில்லாமல் நிற்க முடிகிறது.

வேண்டாம் என்றவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. ஓவியர் எல்.எஸ். லௌரி ஐந்து தடவை மறுத்தார். 2003-ல் ஓபிஇ வந்தபோது கவிஞர் பெஞ்சமின் செபனையா, அதில் இருக்கும் 'எம்பயர்' என்ற சொல்லே அடிமைத்தனத்தை நினைவூட்டுகிறது என்று பகிரங்கமாக எழுதி மறுத்தார். அந்தச் சொல்லை 'எக்ஸலன்ஸ்' என்று மாற்றலாம் என்று 2004-ல் பாராளுமன்றக் குழுவே சொல்லிப் பார்த்தது. நடக்கவில்லை. கொடுக்க ஒரு சாம்ராஜ்யம் இல்லாமல்போய் எத்தனையோ காலம் ஆயிற்று, பதக்கத்தில் மட்டும் அது பத்திரமாக இருக்கிறது.

திருப்பிக் கொடுத்தவர் என்றால் நமக்கு உடனே ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு 1919-ல் சர் பட்டத்தைத் துறந்த தாகூர்தான் நினைவுக்கு வருவார். அதற்கு ஒரு வருடம் முன்பே நம்மாள் ஒருவர் செய்துவிட்டார். மதுரைக்காரர் எஸ். சுப்பிரமணிய ஐயர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். அன்னி பெசன்ட்டை 1917-ல் காவலில் வைத்தபோது, இந்தியாவில் நடப்பதைப் பற்றி அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். லண்டன் பாராளுமன்றத்தில் அது பெரிய ரகளையானது. 1918-ல் சர், திவான் பகதூர் இரண்டையும் இந்தாருங்கள் என்று கொடுத்துவிட்டார். எழுபத்தைந்து வயதுக்கு மேல்! ஏன் நம் பாடப்புத்தகத்தில் இவரைப் பற்றி நாலு வரி படித்த ஞாபகம்கூட எனக்கு இல்லை?

இதையெல்லாம் வீராவேசமாகப் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தவன், ஒரே ஒரு இடத்தில் தடுமாறினேன்.

மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர். ஈழத்துப் போரிலிருந்து தப்பி லண்டன் போன குடும்பம். பிரிட்டிஷ் அரசைத் திட்டாத நாளில்லை. அவருக்கு 2019-ல் எம்பிஇ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். ஏன் என்று அவரே எழுதினார். 1986-ல் இங்கிலாந்து போன அவருடைய அம்மாவுக்கு, ஆங்கிலம் தெரியாதவர்களுக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்றுதான் கிடைத்தது. அரசியின் பதக்கங்களைக் கையால் தைப்பது. முப்பது வருடம், ஆயிரக்கணக்கான பதக்கங்கள், குறைந்தபட்சக் கூலிக்கு. நான் என்ன நினைக்கிறேன் என்பது இருக்கட்டும், அம்மாவுக்கு அந்த வேலையில் அவ்வளவு பெருமை, அதற்காக வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

செபனையா பக்கம் நின்று இவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அந்தம்மாவுக்கு என்னடா கொடுத்தாங்க?" என்றார்.