நூற்றைம்பது கிலோ திருகாணியும் நானும்

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி வந்தார். "அண்ணா, நிவாரணப் பொருள் ஏத்திக்கிட்டு பாய்மரப் படகுல தீவுகளுக்குப் போறாங்களே, அந்த மாதிரி குழுவுல நானும் சேரணும். சேவை மனப்பான்மை நிறைய இருக்கு. நீச்சல் நல்லா தெரியும். வேற என்ன வேணும்?"

பதில் தட்ட ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள் என்பதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதலில் நீச்சல். நடுக்கடலில், ராத்திரியில், பாய் விரித்து ஓடுகிற படகிலிருந்து விழுந்தவனுக்கு நீச்சல் பெரிதாக உதவாது. பாயைச் சுருட்டி, படகைத் திருப்பி, அலைகளுக்கு நடுவே இருட்டில் ஒரே ஒரு தலையைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை. விழாமல் இருப்பதுதான் அங்கே வித்தை. உடம்பில் வார்ப்பட்டை, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் கொக்கி. அதை மாட்டுவதற்கென்றே படகின் நீளத்துக்கு ஒரு பட்டை இழுத்துக் கட்டியிருப்பார்கள். உள்ளேயிருந்து மேல்தளத்துக்குக் காலெடுத்து வைக்கும் முன்பே கொக்கி மாட்டியாக வேண்டும். சும்மா காற்று வாங்கப் போனாலும் சரி, ஒன்றுக்குப் போனாலும் சரி. ஒன்றுக்குப் போனால் கண்டிப்பாக.

அடுத்தது சேவை மனப்பான்மை. இதில்தான் தம்பியோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் ஃபிஜியைச் சாய்த்துப் போட்டது. 44 பேர் செத்துப் போனார்கள். கோரோ மாதிரியான தீவுகளில் கூரையோடு நின்ற வீடுகளைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூனில் நியூசிலாந்தின் ஓபுவா துறையிலிருந்து அந்தப் பக்கம் கிளம்பிய ஒரு 14 மீட்டர் படகில் நான் ஐந்தாவது ஆள்.

சரக்கு ஏற்றுகிற அன்று கேப்டன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்களை உட்கார வைத்தார். அறுபதைத் தாண்டிய பெண்மணி; குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இந்தப் படகு ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றலாம், அவ்வளவுதான் என்றார். பிறகு என் பெயரை எழுதினார். ஆள் 75 கிலோ. பை 15. போய்ச் சேரவும், வழியில் ஏதாவது ஆகித் தாமதமானால் தாங்கவும் தண்ணீர் 40. சாப்பாடு 20. கூட்டினால் 150. அதற்கு எதிரே, தீவிலிருந்து வந்த பட்டியலில் முதல் வரியில் இருந்த பொருளை எழுதினார்: கூரைத் தகட்டுக்கான திருகாணி, 150 கிலோ.

"நீ வருவதால் இது வராது" என்றார். திட்டவில்லை. கணக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தக் காகிதம் அதற்குப் பிறகு என் தலையை விட்டுப் போகவே இல்லை. நூற்றைம்பது கிலோ திருகாணி எத்தனை கூரையை அடுத்த காற்றில் பறக்காமல் பிடித்து வைக்கும்! அந்த இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றால் பதிலுக்கு என்ன தருகிறேன்? என் இரக்கத்தையா? அது திருகாணி செய்யும் வேலையைச் செய்யாதே. பாய்மரப் படகில் சேருகிற ஒவ்வொருவரும் முதலில் சரக்கு. மாலுமி என்று பெயர் வாங்குவது அதற்கப்புறம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சாதாரண 20 அடிக் கண்டெய்னர் 20 டன்னுக்கு மேல் தாங்கும். எங்கள் படகு இருபது தடவை போய் வந்தாலும் அந்த ஒரு பெட்டியை நிரப்புமா என்பது சந்தேகம். வேகம் ஐந்தரை நாட், அதாவது மணிக்கு ஐந்தரை கடல் மைல் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 130 கடல் மைல்; ஃபிஜி ஏறக்குறைய 1,100 கடல் மைல். எட்டு நாள், காற்று மனசு வைக்காவிட்டால் பத்து. அப்புறம் எதற்கு இந்தப் படகு? கண்டெய்னரை இறக்கத் துறைமுகம் வேண்டும், கிரேன் வேண்டும், அங்கிருந்து சிறு தீவுக்குப் போக இன்னொரு கப்பல் வேண்டும். ஃபிஜியில் 300க்கும் மேற்பட்ட தீவுகள். பக்கத்துத் தீவு நாடான வனுவாட்டுவில் 80க்கும் மேல். பலவற்றில் விமான ஓடுதளமும் கிடையாது, துறையும் கிடையாது. பவளப்பாறைக்கு உள்ளே நுழைந்து நங்கூரம் போட்டு, ரப்பர் படகில் பொருளைக் கரைக்குக் கொண்டுபோகிற கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் எங்களை மாதிரி ஆட்கள் தேவைப்படுகிறோம். அந்தத் தேவை இல்லாத இடத்துக்குப் பாய்மரத்தில் சாமான் கொண்டுபோவது, என்னைக் கேட்டால், செலவு கூடின உல்லாசப் பயணம்.

நேரமும் அப்படித்தான். தென் பசிபிக்கில் புயல் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் புத்தியுள்ள பெரும்பாலான பாய்மரக்காரர்கள் புயல் பாதைக்குக் கீழே, நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஒதுங்கி நிற்பார்கள். ஆக, புயல் அடித்து ஆட்கள் இடிபாட்டுக்கு அடியில் கிடக்கும் நாட்களில் நாங்கள் அங்கே இருக்க மாட்டோம். கடற்படைக் கப்பல்கள் வந்து போய், கேமராக்கள் அடுத்த பேரழிவுக்கு நகர்ந்து, தார்ப்பாய் வெயிலில் நைந்து கிழிய ஆரம்பிக்கும்போதுதான் போய்ச் சேருவோம். உயிரைக் காப்பாற்றும் படம் மனசில் இருந்தால் அழித்துவிடுங்கள். அங்கே திருகாணி எண்ணுவீர்கள். வாசிப்புக் கண்ணாடியைப் பவர் வாரியாகப் பிரித்து அடுக்குவீர்கள்.

பழைய துணி மூட்டையோடு வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 மார்ச்சில் பாம் புயலுக்குப் பிறகு வனுவாட்டுவில், யாரும் கேட்காத நன்கொடைப் பொருட்கள் கண்டெய்னர் கண்டெய்னராக வந்து போர்ட் விலா துறைமுகத்தில் தேங்கி நின்றன. அதைத் தரம் பிரிக்கவும், வைத்திருக்க வாடகை கட்டவும், கெட்டுப்போனதைக் கொட்டவும் புயலில் அடிபட்ட அதே ஊர்க்காரர்கள்தான் மெனக்கெட வேண்டியிருந்தது. அதனால் எங்கள் படகில் ஒரே சட்டம்: தீவிலிருந்து வந்த பட்டியலில் இல்லாதது ஏறாது. கிளம்பும் நாளன்று ஒரு நல்ல மனிதர் இரண்டு பெரிய மூட்டை பொம்மைகளோடு வந்து நின்றார். கேப்டன் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. எங்கள் எடை போக ஏற்ற முடிந்த திருகாணியை மட்டும் சிறு சிறு பைகளாகப் பிரித்து, படகின் அடிவயிற்றில், நடுப்பகுதியில், இரண்டு பக்கமும் எடை ஒத்துப்போகிற மாதிரி நாங்களே படுத்துக்கொண்டு அடுக்கினோம். கனமானது கீழே, நடுவில். மேலே வைத்தால் படகு தள்ளாடும்.

கிளம்பிய முதல் மூன்று நாள் நான் எதற்கும் லாயக்கில்லை. கடல் ஒத்துக்கொள்ளாமல் போவது வயிற்றுப் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். அது மனசையும் சேர்த்துப் பிழியும். காதுக்குப் பின்னால் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தேன். கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டியதை, குமட்டல் வந்த பிறகு ஒட்டினால் என்ன பிரயோஜனம்? ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தேன். அப்போதும் என் முறைக் காவலுக்கு எழுந்து போனேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் போகாவிட்டால் இன்னொருவர் ஆறு மணி நேரம் நிற்க வேண்டும், வேறு வழியில்லை.

காவல் என்பது இதுதான். கேப்டனைத் தவிர்த்து நாலு பேர். ஆளுக்கு மூன்று மணி நேரம், பிறகு ஒன்பது மணி நேரம் ஓய்வு. என் பங்கு பகல் இரண்டிலிருந்து ஐந்து, ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று தொடுவானம் முழுக்க ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். பெரிய கப்பலின் விளக்கு கண்ணுக்குத் தெரிந்த பிறகு அது நம் தலைமேல் வந்து நிற்க இருபது நிமிடம் கூட ஆகாமல் போகலாம். திரையில் கப்பல்கள் புள்ளியாகத் தெரியும்தான், ஆனால் இருக்கும் இடத்தை அறிவிக்கும் கருவியை எல்லாப் படகும் போட்டிருக்கும் என்று நம்ப முடியாது. மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுத வேண்டும்: இருக்கும் இடம், போகும் திசை, காற்று, காற்றழுத்தம். அழுத்தம் இறங்க ஆரம்பித்தால் கேப்டனை எழுப்ப வேண்டும். தயங்காமல் எழுப்ப வேண்டும். தயங்கித்தான் நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்: காற்று ஏறிக்கொண்டே போகிறது, பாயைக் குறைக்கலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். குறைக்கலாமா என்று தோன்றிய உடனே குறைத்திருக்க வேண்டும் என்பது கடலில் பழைய பாடம்.

ஒளிரும் அலை, டால்பின், நட்சத்திரம் எல்லாம் உண்டு. எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

யாரும் எழுதாதது கழிவறை. நாலாம் நாள் அடைத்துக்கொண்டது. படகுக் கழிவறை கைப்பம்பில் ஓடுவது. வெளியே போனது திரும்ப உள்ளே வராமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு உண்டு. ஜோக்கர் வால்வு என்றே அதற்குப் பெயர், வைத்தவருக்குக் குசும்பு ஜாஸ்தி. எங்கள் குழுவில் சேவை, மனிதநேயம் என்று வாயே திறக்காத ஒருவர் இருந்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். படகு முப்பது பாகை சாய்ந்து ஓடிக்கொண்டிருக்க, அந்த ஆளுயரப் பொந்துக்குள் மண்டியிட்டு, குழாயைக் கழற்றி, கல்லாக இறுகியிருந்த உப்புப் படிவைத் திருப்புளியால் குத்தி எடுத்து, மூன்று மணி நேரத்தில் சரி செய்தார். வெளியே வந்து கடல் தண்ணீரில் கை கழுவிவிட்டு, "சாப்பாடு ஆச்சா?" என்கிற மாதிரி ஏதோ கேட்டார். கேப்டனின் காகிதத்தில் அவருக்கு எதிரே அறுநூறு கிலோ திருகாணி எழுதினாலும் தகும்.

அதனால் தம்பி, உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பதுதான் கேள்வி. டீசல் இன்ஜினில் காற்று புகுந்தால் எடுக்கத் தெரியுமா? ஐந்து பேருக்கு, ஆடுகிற அடுப்பில், மூன்று லிட்டர் தண்ணீர்க் கணக்குக்குள் சமைக்கத் தெரியுமா? செவிலியரா, பல் மருத்துவரா, தச்சரா? மருத்துவர் என்றால் அந்த நாட்டு அனுமதியை முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். மருந்துப் பெட்டிக்கும் அப்படியே. இது எதுவுமே தெரியாதா? நாலாவது ராத்திரியும் இரண்டு மணிக்கு ஒருவர் காலை ஆட்டி எழுப்பும்போது, எரிந்து விழாமல் எழுந்திருக்க முடியுமா? முடியும் என்றால் அதுவே பாதித் தகுதி. கிண்டலுக்குச் சொல்லவில்லை.

படகைத் தேர்ந்தெடுப்பது பற்றி. வின்ஸ்டன் பயணத்துக்கு முன்பே நான் இன்னொரு படகில் சேர இருந்தேன். முன்பணமும் கட்டிவிட்டேன். போய்ப் பார்த்தால் உயிர்காப்பு மிதவையைச் சோதித்த தேதி இரண்டு வருஷத்துக்கு முன்பே காலாவதி. கேட்டதற்கு அந்தக் கேப்டன் சிரித்துக்கொண்டே, நல்ல காரியத்துக்குப் போகிறோம், கடல் பார்த்துக்கொள்ளும் என்றார். அன்றைக்கே இறங்கிவிட்டேன். பணம் வரவில்லை, போகட்டும். நல்ல காரியம் என்ற வார்த்தையை வைத்துப் பாதுகாப்புக் கேள்விகளை மழுப்புகிற ஆளோடு கடலுக்குப் போகாதீர்கள். மிதவையின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் கருவி இந்தப் படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கேப்டனுக்கு நெஞ்சுவலி வந்தால் படகை யார் ஓட்டுவார்கள் என்று கேளுங்கள். முன்பு போய் வந்த ஒருவரிடமாவது பேசுங்கள். சாப்பாடு, டீசலுக்குப் பங்கு கேட்பது சகஜம்தான், அதில் தப்பில்லை. எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள். போய்ச் சேர்ந்த நாட்டில் மாலுமிப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்கி இறக்கிவிட, திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

காஸாவுக்குப் போகிற படகுகளையும் தம்பி குறிப்பிட்டிருந்தார். அது வேறு கணக்கு. 2025 ஜூனில் மேட்லீன் என்ற படகில் 12 பேர் போனார்கள். கரையைத் தொடும் முன்பே இஸ்ரேல் மறித்துப் பிடித்துப் பின்னர் நாடு கடத்தியது. 2010இல் மாவி மர்மரா கப்பலில் உயிர்களே போயின. அங்கே எத்தனை கிலோ என்பது கேள்வி இல்லை, போவதுதான் செய்தி. ஹிரோஷிமாவில் கட்டப்பட்ட ஃபீனிக்ஸ் என்ற பாய்மரப் படகு, 1967இல் அமெரிக்க அரசின் தடையை மீறி, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான அமெரிக்கக் குவேக்கர்களை ஏற்றிக்கொண்டு வட வியட்நாமின் ஹைஃபோங்குக்கு மருந்து கொண்டுபோனது. குண்டு போடுகிற நாட்டின் குடிமக்களே மருந்தோடு வந்து இறங்கினார்கள் என்பதற்கு எடை போட முடியாது. எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் அதற்குப் போகிறவர் திருகாணிக் கணக்கைவிட முக்கியமாக, ஒரு வழக்கறிஞரிடமும் வீட்டாரிடமும் பேசிவிட்டுப் போக வேண்டும்.

எங்கள் படகு ஒன்பதாம் நாள் ஃபிஜி போய்ச் சேர்ந்தது. இன்னும் சோதனை முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற்றி, சுங்கம், குடியேற்றம், உயிரியல் பாதுகாப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் தரையில் கால் வைத்தோம். அங்கிருந்து தீவுக்கு இன்னும் ஒரு ராத்திரி. பொருளை இறக்க எடுத்த நேரம் அரை நாள். வரவேற்பு, மாலை என்று ஒன்றும் இல்லை. தச்சு வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு பையைப் பிரித்து, ஒரு திருகாணியை எடுத்து, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பையை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டார். அடுத்து நான்கு நாள் அவருக்குக் கீழே நின்று தகடு எடுத்துக் கொடுத்தேன். கேப்டனின் காகிதத்தில் என் பெயருக்கு எதிரே எவ்வளவு கழிந்தது என்று தெரியாது. நூற்றைம்பது கழியவில்லை என்பது மட்டும் தெரியும்.

இவ்வளவையும் சுருக்கித் தம்பிக்கு அனுப்பினேன். ஒரு நாள் கழித்து வந்த பதில்: "சரிண்ணா. புரிஞ்சுது. சூட்கேஸ் எந்த சைஸ்ல வாங்கட்டும்?"

சூட்கேஸே வேண்டாம் தம்பி. படகில் அதை வைக்க இடமிருக்காது. மடித்துச் சுருட்டக்கூடிய துணிப்பை, பதினைந்து கிலோவுக்குள். பத்து என்றால் இன்னும் நல்லது.